கண்ணாடிக்குள் வந்த வலக்கை

1

"என்ன தெரியுது?"

"கை."

"யார்ட கை?"

"என்ட கை, புள்ள. சோத்துக் கை. தொறக்குது, மூடுது."

"நெசமாவா?"

"கொஞ்சம் வெள்ளையா ஈக்கி. வெள்ளக்காரன்ட கை மாதிரி. பரவால்ல. ஆடுது பாரு."

இந்தக் கதை இந்த உரையாடலில்தான் பிறந்தது. மாத்தளை நகரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் உள்ள சிகிச்சை நிலையத்துக்கு, தோள்வலிக்காரரான என் கணவரை அழைத்துப் போயிருந்தேன். அவர் திரைக்குப் பின்னால் முனகிக்கொண்டிருந்தார். நான் பழைய சஞ்சிகை ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, வாசிப்பதுபோல எதிரில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நாற்காலியில் பருத்த உடம்புக்காரர் ஒருவர். கண்ணை மூடி, நெற்றியை மூடி, ஒரு கறுப்புப் பெட்டி. வெர்ச்சுவல் ரியாலிட்டிக் கண்ணாடி என்று அதற்குப் பெயர். போட்டுக்கொண்டால் நம் முன்னால் இல்லாத ஓர் உலகம் இருப்பதுபோலவே தெரியும். அவர் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு ஸ்டூலில் அவருடைய மனைவி. கணவரின் வலக்கை அவர் மடியில் ஒரு தலையணையின் மேல் கிடந்தது. கிடந்த இடத்திலிருந்து அது அசையவே இல்லை. காற்றில் திறந்து மூடிக்கொண்டிருந்தது இடக்கை.

அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்துக்கொண்டேதான் "நெசமாவா?" என்று கேட்டார்.

நான் சஞ்சிகையை மூடிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் எழுத உட்கார்ந்தேன். என் குடும்ப நாவல்களை வாசித்தவர்களுக்குத் தெரியும், முதல் அத்தியாயத்தில் கதாநாயகி பஸ்ஸிலிருந்து இறங்குவாள், கடைசி அத்தியாயத்தில் கல்யாணம். இந்தக் கதையில் கல்யாணம் முப்பது வருடத்துக்கு முந்தியே முடிந்துவிட்டது. ஆனாலும் சொல்கிறேன், இது காதல் கதைதான். இவ்வளவு வேகமாக நான் எதையும் எழுதத் தொடங்கியதில்லை.

2

தொடங்கினேன் என்று சொன்னேனே தவிர, தொடக்கம் சரியாக வரவில்லை.

[மாத்தளை நகரின் மேல் கார்மேகங்கள் கவிந்திருந்த அந்த மாலைப் பொழுதில், றமீஸாவின் உள்ளத்திலும்—]

விட்டுவிட்டேன். நான் அவர்களைப் பார்த்தது காலையில். நல்ல வெயில். மேகம் என்னுடைய பழக்கத்தினால் வந்தது.

[பாரிசவாதம் என்பது மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுவதாலோ, இரத்தக் குழாய் வெடிப்பதாலோ—]

இதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

[பதுர்தீன் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்.]

இது நிற்கட்டும். இதுதான் கதை.

பதுர்தீன், பலாபத்வலையில் ஏ-ஒன்பது வீதியோரம் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற வியாபாரி. ஒரு நாள் அதிகாலை சுபஹ் தொழுகை முடித்து எழும்பும்போது வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பேச்சு முதலில் திரும்பி வந்தது. வந்ததும் வார்டில் கொடுத்த தேத்தண்ணியைத் திட்டினார். மனைவி றமீஸா அன்று அழுதது சந்தோஷத்தில். பிறகு கால் வந்தது, ஒரு கைத்தடியோடு. வலக்கை மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் றமீஸா சோற்றைப் பிசைந்து ஒரு பிடி நீட்டினாள். பதுர்தீன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வழக்கம் உண்டாயிற்று. றமீஸா அறையில் சாப்பாட்டையும் கரண்டியையும் வைக்க வேண்டும். வெளியே வர வேண்டும். அவர் கதவைச் சாத்துவார். உள்ளே இடக்கையால் சாப்பிடுவார். சிந்தினால் தானே துடைப்பார். அவர் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

பள்ளிவாசல் இமாம் வந்து சொல்லிப் பார்த்தார். இயலாதவருக்கு இடக்கையால் சாப்பிடுவது குற்றமில்லை, மார்க்கம் மன்னிக்கிறது என்றார்.

"அது மார்க்கம் மன்னிக்கும், ஹஸ்ரத்" என்றார் பதுர்தீன். "என்னோட சஹன்ல இருக்கிறவன் மன்னிப்பானா?"

(சஹனைப் பற்றி, அது இல்லாத வீடுகளில் வளர்ந்தவர்களுக்காக: ஒரு பெரிய வட்டத் தட்டம். பாய் விரித்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, ஒரே தட்டத்திலிருந்து சாப்பிடுவார்கள். அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. ஆனால் நல்ல இறைச்சித் துண்டைப் பிய்த்து எதிரில் இருப்பவரின் பக்கம் தள்ளிவிடுவதில்தான் அந்தச் சாப்பாட்டின் அழகே இருக்கிறது. வலக்கைதான். இடக்கை அந்த வட்டத்துக்குள் வராது. அது கழுவுகிற கை. ஓர் ஆள் குறைந்தாலும் சஹனைத் திறக்காமல், "ஒரு ஆள் கொற" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஊரில் எந்த விருந்திலும் அப்படிக் குரல் வந்தால் முதலில் எழுந்து போகிறவர் பதுர்தீனாகத்தான் இருந்திருக்கிறார்.)

றமீஸாவுக்கு அவரிடம் கேட்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எந்தக் கையாலாவது சாப்பிடுங்கள், என்னோடு சேர்ந்து சாப்பிடுங்கள். அவ்வளவுதான்.

ஏன் கேட்கவில்லை? அவர் ஒவ்வொரு நாளும் சொல்வது ஒரே பேச்சு: "கை வரட்டும், புள்ள. வந்ததும் ஒண்டா இருந்து சாப்பிடுவோம்." இடக்கையால் சாப்பிடுங்கள் என்று அவள் சொன்னால், வலக்கை வராது என்று அவளே சொன்ன மாதிரி ஆகிவிடும். டாக்டர்கள்கூட அப்படிச் சொல்லவில்லை. அதைச் சொல்கிற வாய் தன்னுடையதாக இருக்கக்கூடாது என்று றமீஸா நினைத்தாள். எனவே வாயை மூடிக்கொண்டு, அவர் கதவை மூடிய பிறகு குசினியில் தனியாகச் சாப்பிட்டாள்.

3

அனுஷியாவை நம்புவதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

அனுஷியா அந்தச் சிகிச்சை நிலையத்தின் பிசியோ. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண். முதல் பிரதியில் அவள் எந்நேரமும் புன்னகைத்துக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து நின்றுகொண்டே கனத்த ஆட்களின் காலையும் கையையும் தூக்கி இறக்குகிற பெண் அப்படிப் புன்னகைக்க மாட்டாள். ஆகவே இரண்டாம் பிரதியில் அவளுக்குப் பசியைக் கொடுத்தேன். மேசையில் கடதாசியில் சுற்றிய ஒரு றோல்ஸ். ஒரு கடி கடித்திருக்கிறாள். அடுத்த கடிக்கு நேரம் கிடைக்கவில்லை. உடனே உயிர் வந்துவிட்டது அவளுக்கு.

"அங்கிள், நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க" என்றாள், கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு. பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் அதற்கான கணினி நிரலை எழுதிக் கொடுத்திருந்தார்கள், பரீட்சார்த்தமாகத்தான் பாவிக்கிறார்கள். "இப்ப நீங்க ஆட்டப்போறது இடது கை. ஆனா உள்ளுக்கு அது வலது கையாத்தான் தெரியும். மூளைய கொஞ்சம் ஏமாத்துறோம். சரியா?"

"சரி சரி, மகள். போடுங்க."

"தலை சுத்துனா உடனே சொல்லணும்."

"சொல்றேன், போடுங்க."

பதுர்தீன் பாதியைத்தான் கேட்டார். இதில் அவருடைய தொழிலுக்கும் பங்கு உண்டு. மிளகு கொண்டுவருகிறவன் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏற்றிக்கொள்வதில்லை. நல்லாக் காய்ஞ்சது முதலாளி என்பான், கல்லே இல்ல என்பான். அவர் பாட்டுக்குச் சாக்கை அவிழ்த்துப் பார்ப்பார். கண் கண்டதுதான் கணக்கு. முப்பது வருட வியாபாரத்தில் அவரைக் காப்பாற்றிய அந்தப் பழக்கம், அன்று அவரை நன்றாக ஏமாற்றியது.

கண்ணாடிக்குள் ஒரு குசினி. மேசை மேல் மூடி போட்ட சட்டிகள். கை நீட்டி மூடியைத் திறந்தால் ஆவி எழும்பும், ஒரு மணி அடிக்கும். அவர் இடக்கையை நீட்டினார். கண்ணுக்கு முன்னால் வலக்கை நீண்டது. மூடி திறந்தது. மணி அடித்தது.

நீங்கள் ஒரு நிமிடம் அந்த இடத்தில் இருந்து பாருங்கள். மாதக்கணக்கில் பிணம்போலக் கிடந்த கை. இரவெல்லாம் 'ஆடு, ஆடு' என்று நீங்கள் கட்டளையிட்டும் ஆடாத கை. அது சட்டி மூடியைத் தூக்குகிறது. இதை எழுதும்போது எனக்கே உட்காரமுடியவில்லை.

"சட்டிக்குள்ள ஒண்டுமில்லயே" என்றார் பதுர்தீன். "ஆவி மட்டும் வருது. சோறு வெக்கல்லியா இவங்க?"

"அடுத்த தடவ வெக்கச் சொல்றேன் அங்கிள்."

"கராம்பு கொஞ்சம் போட்டு வெக்கச் சொல்லுங்க. நான் அனுப்புறேன்."

மூளை என்பது அப்படித்தானாம். வலக்கை ஆடுவதைக் கண் திரும்பத் திரும்பக் கண்டால், அடைபட்ட வழியை விட்டு வேறு வழி தேடத் தொடங்கலாம். சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது, மற்றப் பயிற்சிகளையும் விடக்கூடாது என்று அனுஷியா றமீஸாவிடம் சொன்னாள். றமீஸா தலையாட்டினாள். அவளுடைய கண் கணவனின் முகத்தில் இருந்தது. அவர் வாய் திறந்து சிரித்து எத்தனையோ காலமாகிவிட்டது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு என்பதையே அவள் மறந்திருந்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு, "அது உங்கட இடக்கை" என்று யாரால் சொல்லமுடியும்? அவள் "நெசமாவா?" என்றுதான் கேட்டாள்.

4

படியிறங்கும்போதே பதுர்தீன் போனை எடுத்துவிட்டார்.

"மச்சான், கை வந்திட்டு."

மறுமுனையில் ஷிஹாம், றமீஸாவின் தம்பி. மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறான். அவனுடைய குரலுக்குப் போன் தேவையில்லை. அவனிடம் ஒரு செய்தியைச் சொன்னால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னதற்குச் சமம்.

[ஷிஹாமை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கதைக்கு வேண்டிய குழப்பத்தைச் சரியான நேரத்தில் செய்து கொடுக்கிற இப்படியான தம்பிகள் என் முந்திய நாவல்களில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இப்படி ஒருவன் இல்லாத குடும்பத்தைக் காட்டுங்கள், எடுத்துவிடுகிறேன்.]

த்ரீவீல் பலாபத்வலைக்கு வந்து சேரும்போது கடைவாசலில் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் மாஷா அல்லாஹ் என்றார். ஒருவர் வந்து பதுர்தீனின் வலக்கையைப் பிடித்து முத்தமிட்டார். அந்தக் கை முத்தத்தை வாங்கிக்கொண்டு சும்மா கிடந்தது.

"இப்ப கண்ணாடி போட்டாத்தான் ஆடும்" என்று பதுர்தீன் விளக்கம் சொன்னார். "பழகினா சும்மாவே ஆடுமாம்."

யார் அப்படிச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. கேட்ட பாதியையும் கண்ட பாதியையும் அவரே சேர்த்துத் தைத்துக்கொண்டார்.

மாலையில் ஷிஹாம் வந்தான்.

"ராத்தா, எல்லாம் பேசிட்டேன். வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு. யாசீன் ஓதி, சஹன் வெச்சு சாப்பாடு. கந்தளாயிலேந்து மாடு வருது."

"யார்ட்ட கேட்டுச் செஞ்சாய்?"

"மச்சான்ட கைட்ட கேட்டு."

பதுர்தீன் உள்ளே இருந்து சிரித்தார். "முதல் சஹன்ல நான்தான். எனக்கு எதிர்ல நீ இரு. இறைச்சி தள்ளிவிடுறேன்."

றமீஸா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அவரிடம் போனாள். அவர் சாய்மணைக் கதிரையில் இருந்து, வலக்கையைத் தலையணையில் வைத்து, அதனோடு குழந்தையோடு பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார். அவள் சொல்ல வந்தாள். வாய்வரைக்கும் வந்தது.

"தேத்தண்ணி ஆறுது" என்றாள்.

[இந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லிவிடுவதாக ஒரு பக்கம் எழுதினேன். அவர் நொறுங்குகிறார், அவள் அணைக்கிறாள், மின்விளக்கு அணைந்து எரிகிறது. எனக்கு நன்றாக வருகிற மாதிரியான பக்கம். கிழித்துவிட்டேன். அன்று சொல்லியிருந்தால் அவர் வியாழக்கிழமை மறுபடி அந்த மாடிக்கு ஏறியிருக்க மாட்டார். வியாழக்கிழமை அவர் அங்கே போகாவிட்டால் எனக்குக் கதையே இல்லை. நான் எழுதி முடிக்காத இந்தப் பெண் என்னைவிடக் கதை தெரிந்தவளாக இருந்தாள்.]

5

வியாழக்கிழமை. இந்தப் பகுதியை எழுத வேண்டும் என்பதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

பதுர்தீன் நாற்காலியில் உட்கார, றமீஸா அனுஷியாவை ஜன்னல் பக்கம் இழுத்தாள்.

"மகள், அவருக்கு நீங்க சொல்லுங்க. எனக்கு வாய் வரல்ல."

"எத அன்ட்டி?"

"அது இடக்கைதான் எண்டு."

"அன்னைக்கே சொன்னேனே."

"அவருக்கு ஏறல்ல. நாளைக்கு ஊரே வீட்டுக்கு வருது, கை வந்திட்டு எண்டு சாப்பிட."

அனுஷியா றோல்ஸைக் கீழே வைத்தாள். "ஐயோ அன்ட்டி. சமைக்கச் சொல்லியாச்சா?"

"மாடு வந்திட்டு."

அனுஷியா கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு சொன்னாள்: "போன தடவ கைய பிடிச்சுப் பாக்கையில, முழங்கைக்குக் கீழ ஒரு துடிப்பு மாதிரி இருந்துச்சு. நெசமா, இல்ல என் விரல்தான் துடிச்சுதான்னு தெரியல. இன்னைக்கு ஏமாத்தாம போட்டுப் பாப்போம். வலது கையவே நேரா காட்டுற மாதிரி. ஒன்னும் தெரியலன்னா நான் சொல்லிர்றேன். தெரிஞ்சாலும் நான் சொல்லிர்றேன்."

கண்ணாடி போட்டாயிற்று. அதே குசினி, அதே சட்டிகள்.

"அங்கிள், வலது கைய நீட்டுங்க."

பதுர்தீன் நீட்ட முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது.

"மெஷின் பழுது, மகள்" என்றார்.

"என்ன ஆச்சு?"

"கை நிக்கிது. அண்டைக்கு எப்படி ஓடின கை. இண்டைக்கு செத்த மீன் மாதிரி... இரு, இரு. இந்தா கொஞ்சம் ஆடுது. பெருவெரல் மட்டும். திரும்ப நிண்டுட்டு. சார்ஜ் இல்ல போல. பாருங்க."

றமீஸா தலையணையைப் பார்த்தாள்.

அவருடைய இடக்கை முழங்காலில் அமைதியாகக் கிடந்தது. வலக்கையின் பெருவிரல் தலையணை உறையிலிருந்து எழுந்து நின்றது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது.

றமீஸா வாயைப் பொத்திக்கொண்டாள். அனுஷியா அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாற்காலியில் பதுர்தீன் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்.

"வேலைக்கு ஆகாத சாமான். கம்பஸ் புள்ளைகளுக்குச் சொல்லுங்க, திருத்தச் சொல்லி. வெரல் மட்டும் ஆடி என்ன செய்ய? மூடி தொறக்குதில்லயே."

நான் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து, வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்தேன். "விரல் ஆடிவிட்டது" என்று என் கணவரிடம் சொன்னேன். "யாருடைய விரல்?" என்று கேட்டார். சொன்னேன். தோளைத் தடவிக்கொண்டு, "நல்லது, நல்லது" என்றார். போதாது. இந்தச் செய்திக்கு அந்த அளவு போதவே போதாது. பொய்யாகக் காட்டியபோது கை முழுவதும் ஓடியது. உண்மை வந்தபோது ஒரே ஒரு விரல். அந்த உண்மையைத்தான் பழுது என்று அந்த மனிதர் சொல்கிறார். இதை நானாக யோசித்து எழுதியிருந்தால் என்னைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். விரல் தானாகவே எழுந்துவிட்டது.

அனுஷியா குனிந்து அவருடைய வலக்கையை இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

"அங்கிள், மெஷின் நல்லா இருக்கு. இது உங்க கை. நெசமான கை."

"அப்ப அண்டைக்கு?"

"அன்னைக்கு நீங்க ஆட்டுனது இடது கை. வலது மாதிரி காட்டுனோம். முதல்லயே சொன்னேன், நீங்க போடுங்க போடுங்கன்னு அவசரப்பட்டீங்க."

பதுர்தீன் இடக்கையால் கண்ணாடியைக் கழற்றினார். நெற்றியில் அது பதிந்த கோடு சிவந்திருந்தது. தலையணையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேந்து?"

"அப்பவே."

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டேனே, புள்ள."

"வெரல் ஆடிச்சு" என்றாள் றமீஸா. "நான் கண்டேன். கண்ணாடி இல்லாமலே கண்டேன்."

"ஒரு வெரல்" என்றார் பதுர்தீன். "ஒரு வெரலால சோறு அள்ளுறதா?"

"அங்கிள்" என்றாள் அனுஷியா, "இந்த மாதிரி ஒரு விரலுக்காக எத்தன பேரு எத்தன மாசமா இந்தப் படியேறி வாராங்கன்னு தெரியுமா? எனக்கு இன்னைக்கு பசியே போயிருச்சு." சொல்லிவிட்டு றோல்ஸை எடுத்து அவரிடமே நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஆள் பார்க்க அவர் எதையும் சாப்பிட மாட்டார் என்று அவளுக்குத் தெரியாது.

6

வீட்டுக்கு வந்ததும் விருந்தை நிறுத்தச் சொன்னார். ஷிஹாம் முழுக் கதையையும் கேட்டான். 

"நிப்பாட்ட ஏலாது மச்சான். இறைச்சி வெட்டியாச்சு" என்றான். "வெரல் வந்ததுக்கும் சாப்பாடு குடுக்கலாம். கை முழுக்க வந்தா ரெண்டாவது சாப்பாடு. எனக்கென்ன, நான் ரெண்டும் தின்பேன்."

பதுர்தீன் சிரிக்கவில்லை. "நீங்க தின்னுங்க. நான் அறைக்குள்ள ஈக்கிறேன்."

இனி முடிவு. எனக்குக் கைவசம் சில முடிவுகள் இருக்கின்றன, பார்த்து எடுங்கள்.

ஒன்று, பதுர்தீன் முதல் சஹனில் உட்காருகிறார், பிஸ்மில்லாஹ் சொல்கிறார், வலக்கை எழுகிறது, சோற்றை அள்ளுகிறது. இதைப் பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். என் வாசகிகளில் பாதிப் பேர் எனக்குக் கடிதம் போடுவார்கள். ஆனால் வியாழக்கிழமை ஒரு விரல் எழுந்ததை எழுதிவிட்டு, வெள்ளிக்கிழமை ஐந்தும் எழுந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒற்றை விரலுக்குச் செய்கிற மரியாதைக் குறைவு அது.

இன்னொன்று, பதுர்தீன் இடக்கையை நீட்ட, ஊரே தத்தம் இடக்கையால் சாப்பிடத் தொடங்குகிறது. எழுதும்போது கண் கலங்கியது. எழுதி முடித்ததும் பதுர்தீனின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அவர் அந்த நிமிடமே கைத்தடியை எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்து, தம்புள்ளைக்குப் போகிற முதல் பஸ்ஸை மறித்திருப்பார்.

[அல்லது ஷிஹாம் அவருக்கு ஊட்டுகிறான்— இல்லை. ஷிஹாமே மறுக்கிறான்.]

அல்லது ஒன்றுமே நடப்பதில்லை. ஆட்கள் சாப்பிட்டுப் போகிறார்கள். அறைக்குள் கரண்டிச் சத்தம். குசினியில் றமீஸா. பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். இதை எழுதிவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். பிறகு ஒன்று புரிந்தது. பதுர்தீனின் கை என்ன செய்யும் என்றே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கதையில் வாய் திறக்க வேண்டியவள் வேறு ஒருத்தி.

கை வராது என்று சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில்தானே அவள் கேட்காமல் இருந்தாள்? வியாழக்கிழமையோடு அந்தப் பயத்துக்கு வேலையில்லை. விரல் எழுந்துவிட்டது. வருகிற கை மெதுவாக வரும். இனி அதற்காகக் காத்துக்கொண்டும் இருக்கலாம், காத்திருக்கிற நேரத்தில் சாப்பிடவும் செய்யலாம்.

7

வெள்ளிக்கிழமை யாசீன் ஓதி முடிந்தது. ஹோலில் பாய் விரித்து, வெள்ளைத் துணி விரித்து, கை கழுவத் தண்ணீர் சுற்றி வந்தது. சஹன்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நெய்ச்சோற்று வாசம் வீட்டை நிறைத்தது.

"இங்க ஒரு ஆள் கொற" என்று ஷிஹாமின் குரல் கேட்டது. "ஒரு ஆள்."

யாரோ இன்னொருவர் எழுந்து போய் உட்கார்ந்தார். சத்தம் அடங்கியது.

குசினியில் பெண்கள் றமீஸாவை உட்காரச் சொன்னார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். வெறுங்கையோடு. கதவைத் தட்டவில்லை, தள்ளித் திறந்தாள். திறந்தபடியே விட்டாள்.

பதுர்தீன் கட்டிலின் ஓரத்தில் இருந்தார். புதுச் சாரம், தொப்பி, கழுவிய முகம். விருந்துக்கு உடுத்துவிட்டுத்தான் வராமல் இருந்திருக்கிறார். அவர் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரலை எழுப்பிப் பார்த்திருப்பார் போலும், நெற்றி வியர்த்திருந்தது.

"வெச்சிட்டுப் போ" என்றார், திரும்பாமல்.

அவள் போகவில்லை.

திரும்பிப் பார்த்தார். "எங்க சாப்பாடு?"

றமீஸா கட்டிலில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

(இவளுக்காக இந்த வசனத்தை நான் மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். ஒன்றில் அவள் அழுதாள், ஒன்றில் சண்டை பிடித்தாள், ஒன்றில் என்னுடைய கதாநாயகிகளைப்போல அழகாகப் பேசினாள். இப்போது அவளே பேசட்டும். அவள் பேசி முடித்ததும் நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன். பதுர்தீன் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்காதீர்கள். அவரை உங்களுக்கு இப்போது எனக்குத் தெரிந்த அளவு தெரியும். அவருடைய பதில் உங்களிடமே இருக்கட்டும்.)

"உங்கட்ட ஒண்டு கேக்கணும்" என்றாள்.

"என்ன?"

"ஆஸ்பத்திரியிலேந்து கேக்கணும் கேக்கணும் எண்டு ஈக்கிறேன். கோவிச்சாலும் பரவால்ல." அவள் ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டாள். "கை வரும். மெல்ல வரட்டும், அதுக்கு நான் அவசரப்படுத்தல்ல. ஆனா அது வார வரைக்கும் குசினியில தனிய இருந்து தின்ன எனக்கு ஏலாது. எனக்கு சோறு எறங்குதில்ல. எந்தக் கையால எண்டாலும் சரி, சிந்தினாலும் சரி, இந்தக் கதவச் சாத்தாம, என்ட பக்கத்துல இருந்து சாப்பிடுங்க."